நெடுந்தீவில் வடிசாலைக் குழியைத் தெளியவைத்த ஏழு நாள்

1978ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிய நான் நெடுந்தீவுக்குப் புறப்பட்டேன். ஊர் பார்க்க அல்ல. அங்கே சாராயம் வடிக்கிற ஒரு சின்ன வடிசாலையின் கழிவு நீருக்கு என் கணவர் ஒரு குழி வெட்டுவித்திருந்தார். மழைக்கு முன் அந்தக் குழியைத் தெளியவைத்து வெளியேற்றாவிட்டால், நூற்றெண்பது அடி தள்ளி இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு கெட்டுவிடும். ஆனியில் போய்ப் பார்த்துவிட்டு, "புரட்டாசிக்குள்ளை வந்து சரிப்பண்ணித் தாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆடியில் நெஞ்சு நோ என்று படுத்தவர் எழும்பவில்லை.

நெடுந்தீவுக்குப் போகும் வழி கேட்டுச் சிலர் எழுதுகிறீர்கள். கழிவுத் தண்ணீரை என்ன செய்வது என்று சிலர் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் உள்ளபடி சொல்ல வராது. கையால் செய்ததைத்தான் சொல்ல முடியும்.

என் கணவருக்குப் பட்டினத்தில் தண்ணீர் சோதிக்கிற ஒரு கந்தோரில் வேலை. வடிசாலைக் கழிவைக் கானில் கொண்டுவந்து எங்கள் குசினி அடுப்படியில் ஆறு ஜாம் போத்தலில் ஊற்றி வைப்பார். புளித்த கள்ளைக் காய்ச்சிச் சாராயத்தை எடுத்த பிறகு அண்டாவில் மிஞ்சுகிற தண்ணீர் அது. கடும் மண்ணிறம், புளிப்பு, தாங்க முடியாத நாற்றம். அளந்து போடுவது அவர், கிண்டுவது நான். புளிப்பு அடங்க முதலில் கொஞ்சம் சுண்ணாம்புப் பால், பிறகு படிகாரம் என்கிற சீனக்காரம். முதலில் வேகமாக நூறு எண்ணும் வரை கிண்ட வேண்டும். பிறகு மெதுவாக முந்நூறு. அழுக்கு பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் போய் இருக்கும். மேலே தெளிந்த நீரில் இன்னும் நிறமும் நாற்றமும் இருக்கும். அதைக் குளோரின் தூள் எரித்துவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரங்களில் எங்களுக்கு வேலையும் விளையாட்டும் அந்தப் போத்தல்கள்தான்.

எங்கள் ஊர் புளியங்கூடல். அங்கிருந்து குறிகட்டுவான் துறைக்குப் பதின்மூன்று மைல். வங்களாவடியில் மாறி பஸ்ஸிலும் போகலாம். ஆனால் என்னிடம் அரை அந்தர், அதாவது இருபத்தைந்து கிலோ, சீனக்கார மூட்டை இரண்டும், குளோரின் தூள் தகரம் இரண்டும் இருந்தன. அதனால் நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கார் பிடித்தேன். விடிய ஐந்தரைக்கு ஏறினேன். கார்க்காரர் செல்லத்துரை அண்ணை மூட்டையைத் தூக்கும்போதே கேட்டார்.

"தங்கச்சி, இவ்வளவு சீனக்காரமோ? நெடுந்தீவுச் சனம் முழுக்கச் சவரம் எடுக்கப் போறீரோ?"

"ஒரு குழிக்கு அண்ணை."

"குழிக்குத் தாடியோ?"

இரண்டு மாதத்தில் நான் முதல் தடவை சிரித்தது அதற்குத்தான். புங்குடுதீவுப் பாலத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று காரை ஒரு பக்கம் தள்ளியது. ஆறு முப்பத்தைந்துக்குத் துறையில் இறக்கிவிட்டார்.

மோட்டார் வள்ளம் ஏழரைக்கு. ஆளுக்கு இரண்டு ரூபாய், மூட்டைக்கு ஒரு ரூபாய். வெள்ளைச் சேலையோடு நான் முதலில் போய் ஏறப் பார்க்க, வள்ளக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ. எல்லாரும் ஏறட்டும், நீங்கள் பேந்து ஏறுங்கோ. முழிவியளம் பாக்கிற சனம்."

புறப்படும்போது முதலில் விதவை முகத்தில் விழித்தால் பயணம் பிழைக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கும் தெரிந்ததுதான். நானே முன்பு அப்படிப் பார்த்து நடந்தவள். ஆனால் அன்று வாய் அடங்கவில்லை.

"நான் முதல் ஏறினா என்ன, கடைசியா ஏறினா என்ன? கடல் எனக்கெண்டு தனியா அலை வைச்சிருக்கோ? மூட்டையை நனையாமல் வையும், அது காணும்."

அவர் மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒரு மணி பத்து நிமிட ஓட்டம். சோளகம் முடியும் காலமானாலும் நடுக் கடலில் நல்ல ஆட்டம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

மாவிலித்துறையில் இறங்கினால் மேற்கே மூன்றரை மைல். ஒரு ட்றக்டர்காரர் பதினைந்து ரூபாய் கேட்டார். வழி முழுக்கச் சீமெந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள். நடுவில் குதிரைகள் மேய்ந்துகொண்டு நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

கிணற்றடியில் பிலோமினா நின்றாள். அந்தக் கிணறு அவள் காணியில் இருந்தது. சுற்றியிருந்த பதினேழு வீட்டுக்கும் வேறு நல்ல தண்ணீர் இல்லை. நாற்பது வயது இருக்கும், கடற்றொழில் செய்கிற குடும்பம். ட்றக்டரில் என் கணவர் வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

"வாக்குத் தந்தவர் எங்கை?"

"ஆடியிலை மோசம் போயிட்டார்."

வாளிக் கயிற்றைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப உம்மை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான்."

"உமக்கு உந்த வேலை தெரியுமோ?"

"கிண்டத் தெரியும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தன் வீட்டில்தான் தங்க வைத்தாள். மீன் படாத புதுச் சட்டி ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தாள்.

குழி பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம், ஆறடி ஆழம். நான்கடிக்குக் கழிவு நின்றது. அடியில் கெட்டிப் பாறை, தண்ணீர் கீழே இறங்காது என்று நம்பி என் கணவர் அந்த இடத்தைக் காட்டியிருந்தார். அடிப்பாறை கெட்டிதான். ஆனால் பக்கச் சுவரில், மேலிருந்து ஒன்றரை அடி கீழே, கல்லில் ஒரு வெடிப்பு. அது கிணற்றுப் பக்கம் போனது. வைகாசியில் பெய்த ஒரு மழைக்குக் குழி வெடிப்பு மட்டத்துக்கு ஏற, கிணற்றுத் தண்ணீர் மூன்று நாள் தேத்தண்ணீர் நிறமாக இருந்ததாம். ஐப்பசி மழைக்கு மூன்று நாளோடு நிற்காது.

அப்படியே இறைத்துக் கடலுக்கு விட்டால் என்ன என்று கேட்பீர்கள். போன வருடம் விட்டிருக்கிறார்கள். கரையோரத்து மீன் எல்லாம் வயிறு மேலே போட்டு மிதந்ததாம். "திருப்பி விட்டால் வடிசாலைக் கதவை அடைப்பம்" என்று கடற்றொழிலாளர் சொல்லிவிட்டார்கள். ஆகவே தெளியவைத்துத்தான் விட முடியும்.

சனிக்கிழமை வடிசாலைப் பொறுப்பாளர் சின்னராசா வரப் பத்து மணியாகிவிட்டது. புரட்டாசிச் சனி, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நெற்றியில் திருநீறோடு வந்தார். முழுக் குழியிலும் கை வைக்காமல், ஒரு பீப்பாவில் குழித் தண்ணீரை நிரப்பச் சொன்னேன். குசினியில் செய்த அதே கணக்கில் சுண்ணாம்புப் பால் ஊற்றினேன். சீனக்காரம் போட்டேன். துடுப்பால் நூறு, பிறகு முந்நூறு.

ஒன்றும் திரளவில்லை. ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தோம். முன்பைவிடக் கலங்கலாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு மடங்கு சீனக்காரம் போட்டேன். அப்போதும் இல்லை.

"பஞ்சு வரும் எண்டீர்," என்றாள் பிலோமினா. "கஞ்சியெல்லோ கிடக்கு."

சின்னராசா எனக்கு இரங்கிப் பேசினார். அது இன்னும் நொந்தது. "அவர் படிச்ச மனுசன். நீங்கள் பாவம், என்ன செய்வியள்? நாளைக்கு வள்ளம் இருக்கு."

பீப்பாவுக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். விரல்கள் வழுவழு என்று ஒன்றோடொன்று வழுக்கின. குசினியில் எத்தனை தடவை கழிவில் கை வைத்திருக்கிறேன், ஒரு நாளும் வழுக்கியதில்லை. சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதுதான் கை இப்படி வழுக்கும். நான் ஊற்றிய கொஞ்சச் சுண்ணாம்புக்கு இது வராது. பீப்பாவை விட்டுவிட்டு, ஒன்றும் போடாத குழித் தண்ணீரில் கை வைத்தேன். அதுவும் வழுக்கியது.

பிலோமினாவிடம் ஒரு மஞ்சள் துண்டு கேட்டு வாங்கி, வெள்ளைக் கோப்பையில் உரைத்துக் குழித் தண்ணீரை விட்டேன். மஞ்சள் சிவந்துவிட்டது.

"இது ஆலாத்தியெல்லோ!" என்றாள் பிலோமினா. சுமங்கலிகள் எடுக்கிற ஆரத்தித் தண்ணீர் அது. பிறகு என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தாள்.

"ஓம், ஆலாத்திதான்," என்றேன். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா அதுதானே வரும். எனக்கு இனி உந்த ஆலாத்திதான் விதிச்சிருக்கு. ஆர் இதுக்குள்ளை சுண்ணாம்பு போட்டது?"

சின்னராசா சத்தியம் பண்ணினார். "தாயறிய ஒண்டும் போடேல்லை அக்கா. வடிசாலைக் கழிவைத் தவிர ஒரு துளி விடேல்லை."

அப்போதுதான் வேலியோரம் கவிழ்த்து அடுக்கியிருந்த மண் முட்டிகள் கண்ணில் பட்டன. நானூறுக்குக் குறையாது. பனையில் கட்டுகிற முட்டிகள். கள்ளுக்குக் கட்டுகிற முட்டிக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. ஆனால் பனங்கட்டி காய்ச்ச, புளிக்காத பதநீர், எங்கள் பேச்சில் கருப்பநீர், இறக்குகிற முட்டிக்கு உள்ளே தடிப்பாகச் சுண்ணாம்பு பூச வேண்டும். கவிழ்ந்திருந்த முட்டிகளில் சுண்ணாம்பு ஒரு பொருக்கும் இல்லை.

"உதுகளை எங்கை கழுவினியள்?"

"உதிலைதான். குழிக்கரையிலை. பருவம் முடிய ஊர் முட்டியெல்லாம் இஞ்சைதான் வரும். எங்களிட்டைத்தானே சுடுதண்ணி இருக்கு. சுடுதண்ணிக்குத்தான் சுண்ணாம்பு கழலும்."

"கழுவின தண்ணி?"

"குழிக்குள்ளை."

"இப்பதானே ஒரு துளியும் விடேல்லை எண்டு சத்தியம் பண்ணினியள்?"

"அது வடிசாலைக் கழிவில்லையே அக்கா," என்றார் அவர், மெய்யாகவே விளங்காமல். "அது முட்டி கழுவின தண்ணி!"

பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனியில் என் கணவர் சோதித்த தண்ணீர் புளிப்பு. ஆவணியில் நானூறு முட்டிச் சுண்ணாம்பு சேர்ந்த தண்ணீர் வேறு. அவர் கணக்கும் பிழையில்லை, என் கையும் பிழையில்லை. அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்பில் சீனக்காரம் திரளாது.

அப்படியானால் புளிப்பு வேண்டும். புளிப்புக்கு எங்கே போவது? அந்தக் கிழமை கடைசி வடிப்பு நடந்து, மூன்று பீப்பா புதுக் கழிவு குழிக்குப் போகக் காத்துக்கொண்டு நின்றது. அதைவிடப் புளிப்பு தீவிலே கிடையாது.

"அழுக்கைக் கழுவ அழுக்கோ?" என்றார் சின்னராசா.

"ஓம். முதல் போத்திலிலை பாப்பம்."

ஜாம் போத்தல் அங்கே ஏது? வடிசாலையில் இருந்தவை வெறும் சாராயப் போத்தல்கள். அவற்றில் ஆறை மணலில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் புதுக் கழிவை ஒவ்வோர் அளவாகக் கலந்தேன். எதில் மஞ்சள் சிவக்காமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, எல்லாவற்றிலும் சீனக்காரம் போட்டேன். கடலால் கரைக்கு வந்த ஒருவர் வலையைத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார்.

"எணேய் அக்கா, ஆறு போத்திலோ? தனியவோ? எங்களையும் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே!"

"பொறுங்கோ, நாலாவது பதமா வருது. குடிச்சுப் பாக்கிறியளோ?"

மணத்துக்கே அவர் ஓடிவிட்டார். ஆனால் நாலாவது போத்தலில் பஞ்சு திரண்டது. கண்ணுக்கு முன்னால் சுருண்டு சுருண்டு அடியில் போய் இருந்தது. பிலோமினா குனிந்து, முகத்தைப் போத்தலோடு ஒட்டிப் பார்த்தாள். "கிண்டத் தெரியும் எண்டது மெய்தான்," என்று சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. என் கணவருக்குக் காட்ட வேணும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து பிலோமினா பதினொரு பேரைத் துடுப்புகளோடு கூட்டி வந்தாள். நல்ல உடுப்பை மாற்றி வந்து குழியின் நாலு பக்கமும் நின்றார்கள். நாலாவது போத்தலின் கணக்கில் புதுக் கழிவு, பிறகு ஒன்றரை மூட்டைச் சீனக்காரம். நான் எண்ண அவர்கள் கிண்டினார்கள். நூறு வரை வேகம். பிறகு மெதுவாக. மெதுவாகக் கிண்டுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம், துடுப்புப் பிடித்த கை வள்ளத்தை வலிக்கிற வேகத்துக்கே போகப் பார்க்கும். "வள்ளம் விடேல்லை அண்ணை, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுறியள்," என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு மேல் மூன்றடித் தண்ணீர் தெளிந்து, ஐதான மெல்லிய தேத்தண்ணீர் நிறத்தில் நின்றது.

திங்கள் குளோரின். இதைக் கவனமாக வாசியுங்கள். புளித்த தண்ணீரில் குளோரின் தூளைப் போடவே கூடாது, மூச்சை அடைக்கிற புகை எழும்பும். மஞ்சள் இலேசாகச் சிவக்கத் தொடங்கும் வரை முதலில் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட்டேன். பிறகு தூளை வாளித் தண்ணீரில் குழைத்து, காற்று வருகிற பக்கம் நின்று ஊற்றினோம். அடியில் இருந்த பஞ்சு கலங்காமல் மேலால் மட்டும் அளைய வேண்டும். அன்று பின்னேரம் ஒரு கோப்பை எடுத்து, கொண்டிஸ் பளிங்கில் இரண்டு சின்னப் பரல் போட்டேன். கிணறு கழுவப் பாவிக்கிற ஊதா மருந்து அது. தண்ணீரில் அழுக்கு மிஞ்சியிருந்தால் ஊதா நிற்காது, மண்ணிறமாகிவிடும். இருபது எண்ணுவதற்குள் மண்ணிறமானது. மிச்சக் குளோரினையும் போட்டோம். செவ்வாய் காலை ஊதா நூறு எண்ணும் வரை நின்றது.

எனக்கு அது போதும். பிலோமினாவுக்குப் போதவில்லை.

"உம்மட ஊதா எனக்குத் தெரியாது. மீன் சொல்லட்டும்," என்றாள். பாதி கடல் தண்ணீரும் பாதி குழித் தண்ணீருமாக ஒரு வாளியில், கரையில் பிடித்த ஐந்து மீன் குஞ்சுகளை விட்டாள். அரை மணித்தியாலத்தில் ஐந்தும் சரிந்துவிட்டன.

குளோரின் இன்னும் அதில் நின்றது. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் போய்விடும். ஆனால் தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சின்னராசா குழிக்கரையிலிருந்து கடல்வரை தொள்ளாயிரம் அடிக்கு வாய்க்கால் வெட்டுவித்து முடித்திருந்தார். "விடுவம் அக்கா. மழை வந்தால் எல்லாம் வீண்," என்றார். மழை வந்தால் கிணறு போய்விடும். விட்டால் மீன் செத்துப் போகும், பிலோமினாவுக்கு என் கணவர் கொடுத்த சொல்லும் போய்விடும். விட வேண்டாம் என்றேன். அன்று முழுக்க வாளி வாளியாக அள்ளி உயர இருந்து திருப்பி ஊற்றினோம், காற்றும் வெயிலும் படட்டும் என்று. நாலு துளி விழுந்தது. பிறகு மேகம் கலைந்துவிட்டது.

புதன் காலை ஐந்து குஞ்சுகளை மறுபடி விட்டாள். வாளிக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஒரு குஞ்சு வாளியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. பிலோமினா எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, "திறவுங்கோ," என்றாள். பத்து மணிக்குத் திறந்து இறைக்கத் தொடங்கி, இரண்டு மணிக்கு முடிந்தது. அடியில் இருந்த சேற்றைக் கடகத்தில் அள்ளி, கிணறே இல்லாத பற்றைக்காட்டுக்கு ட்றக்டரில் ஏற்றிப் புதைத்தோம்.

வியாழன் நான் புறப்பட வேண்டும். சின்னராசா கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இனி என்ன, வருசா வருசம் இப்பிடியே செய்யலாம். குழி நல்ல குழி," என்றார். கடலால் வந்தவர்களும் நின்றார்கள்.

"நல்ல குழி இல்லை," என்றேன். "இடம் பிழை. இந்த இடத்தைக் காட்டினது என்ர மனுசன். அடியைப் பாத்தவர், பக்கத்தைப் பாக்கேல்லை. உதை மூடுங்கோ. கரைப் பக்கமாச் சீமெந்துத் தொட்டி கட்டுங்கோ."

அவரைப் பற்றி அப்படி நாலு பேர் முன்னால் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. பிலோமினாதான் மெதுவாகச் சொன்னாள், "பிழையெண்டு தெரிஞ்சுதானே அந்த மனுசன் திருப்பி வாறன் எண்டது."

முதல் கல்லை நான் போட்டேன். இரண்டாவதை அவள் போட்டாள். பிறகு எல்லாரும் கை வைத்தார்கள். அரைவாசி நிரம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஒதுங்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொல்கிறேன். நான் சொன்ன நேரமும் கூலியும் அந்தக் காலத்தவை, இப்போது துறையில் கேட்டு அறியுங்கள். சோளகக் காலத்தில் காலை வள்ளமே நல்லது. குடிதண்ணீரை வீணாக்காதீர்கள், அங்கே அதற்கு மதிப்பு வேறு. கழிவு நீர் வேலையாகப் போகிறவர்கள் ஒரு மஞ்சள் துண்டை மடியில் கொண்டு போங்கள். அளவு எதையும் போத்தலில் பார்க்காமல் குழியில் போடாதீர்கள். "என்ன கழிவு விடுகிறீர்கள்" என்று கேட்காதீர்கள், "இதற்குள் என்னென்ன விழுகிறது" என்று கேளுங்கள்.

பிறகும் இரண்டு தடவை போனேன். முதல் போனபோது மூடின இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. அடுத்த தடவை எங்கே குழி இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. பிலோமினாவிடம் கேட்டேன். அவளும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லி, எனக்குக் குடிக்கக் கிணற்றில் வாளியை விட்டாள்.